நிரல்மொழி ஒன்றைப் பராமரிக்க வருகிறவர்களுக்கு: கோத்தகிரியிலிருந்து ஒரு வழிகாட்டி

பைதான், ரஸ்ட், பிஎச்பி மாதிரியான நிரல்மொழிகளை எங்கோ ஒரு பெரிய கம்பெனி தயாரித்து வெளியிடுகிறது என்றுதான் கல்லூரி மாணவர்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இவை திறமூல மொழிகள், அதாவது இவற்றின் கோடை யாரும் படிக்கலாம், திருத்தலாம். பல நாடுகளில் இருந்துகொண்டு வேலை செய்யும் பராமரிப்பாளர்கள்தான் இவற்றை நடத்துகிறார்கள். சிலருக்கு இதற்கென்றே சம்பளம் வருகிறது. பலர் ஆபீஸ் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு செய்கிறார்கள். வரும் பிழை அறிக்கைகளைப் படிப்பது, திருத்தங்களைச் சரிபார்த்துச் சேர்ப்பது, புதிய பதிப்பை வெளியிடுவது, கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆள் எப்போதும் போதாது.

கோத்தகிரியில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடி இந்த வேலையைப் பழகுகிறோம். அரவேணு, கட்டபெட்டு, கீழ் கோத்தகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் வருவார்கள். லீவு விட்டால் கூடலூர், பந்தலூரிலிருந்துகூட பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நாங்கள் சொல்லிவரும் பதில்களைத்தான் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நான் உறுதியாக நம்பும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்த கேள்விக்கு யாராவது ஒருவர் பதில் சொல்லிக்கொண்டே இருப்பதால்தான் ஒரு மொழி நிலைக்கிறது. அந்தப் பதிலை நீங்கள் முதல் வாரத்திலேயே சொல்லத் தொடங்கலாம். பெரிய நிரலாளர் ஆகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

எந்த மொழியில் சேர்வது

நீங்கள் அடிக்கடி எழுதும் மொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். பேர் பெரியது என்பதற்காக, ஒரு தடவைகூடப் பயன்படுத்தாத மொழியில் போய் நிற்க வேண்டாம். ஒரு பிழை அறிக்கையைப் படித்ததும் “ஆமா, எனக்கும் இப்படி ஆச்சே” என்று தோன்ற வேண்டும். பயன்படுத்துகிறவருக்குத்தான் அது தோன்றும்.

அடுத்து, அந்த மொழியின் ரெப்போவில் (கோடெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் இடத்தில்) கடைசியாக வந்த இருபது முப்பது புல் ரிக்வெஸ்ட்டுகளை, அதாவது சேர்க்கச் சொல்லி அனுப்பிய திருத்தங்களைத் திறந்து படியுங்கள். வெளியாள் ஒருவர் அனுப்பியதற்கு ஒரு மனிதர் பதில் எழுத எத்தனை நாள் ஆகியிருக்கிறது? வேண்டாம் என்று சொன்னபோது காரணம் சொல்லியிருக்கிறார்களா? கேட்ட கேள்வி முட்டாள்தனமாகத் தெரிந்தாலும் மரியாதையாகப் பேசியிருக்கிறார்களா? மாதக்கணக்கில் பதிலே வராத இடத்தில் போய்ச் சேர்ந்தால் உங்கள் ஆர்வம் வீணாகும். அங்கே பராமரிப்பாளரே “ஆள் தேவை” என்று அறிவித்திருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

யார் முடிவெடுக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பைதானை உருவாக்கிய கீடோ வான் ராசம் பல ஆண்டுகள் கடைசி வார்த்தை சொல்கிறவராக இருந்தார். 2018 ஜூலையில், ஒரு புதிய இலக்கணக் குறியைச் சேர்ப்பது பற்றிய கடும் வாக்குவாதத்துக்குப் பிறகு அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். தனக்குப் பின் இன்னார் என்று யாரையும் நியமிக்கவில்லை. மொழியை எப்படி ஆள்வது என்பதை, திருத்தங்களைச் சேர்க்கும் உரிமையுள்ள மையக் குழுவினர் மாதக்கணக்கில் விவாதித்து, ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். 2019லிருந்து ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் குழுவை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் அதில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. இப்படி விதிகள் எழுத்தில் இருக்கும் இடத்தில் புதியவருக்குத் தடுமாற்றம் குறைவு.

சின்ன மொழிகளையும் ஒதுக்க வேண்டாம். தமிழ்ச் சொற்களையே கட்டளைகளாகக் கொண்ட எழில் மொழியின் இன்டர்பிரட்டர் (கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) பைதானில் எழுதப்பட்டது. ஒரு மொழி உள்ளே எப்படி இயங்குகிறது என்று தொடக்கம் முதல் கடைசிவரை படித்துப் பார்க்க அதன் சின்ன அளவு தோதானது. பெரிய மொழியில் சேர்ந்தால் நல்ல பழக்கங்கள் வரும். சின்ன மொழியில் சேர்ந்தால் சீக்கிரமே முழுப் பொறுப்பு வரும். என்னைக் கேட்டால், ஒரு வருஷம் பெரியதில் பழகிவிட்டுச் சின்னதில் தோள் கொடுப்பது நல்லது.

மலை இணைப்பில் மொழியைக் கட்டுவது

சமவெளிக்காரர்களுக்கு எழுதிய குறிப்புகள் இங்கே அப்படியே உதவாது. ரெப்போவை குளோன் செய்யும்போது (உங்கள் கணினிக்கு நகலெடுக்கும்போது) பாதியில் லைன் போனால், கிட் என்ற கருவி விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்துதான் இறங்கும். பைதானை அதன் பழைய மாற்றங்களின் முழு வரலாற்றோடு இறக்கினால் நூற்றுக்கணக்கான எம்பி. ஐப்பசி மழையில் மரக்கிளை ஒன்று கம்பியில் விழுந்தால் போதும், செய்த டவுன்லோடெல்லாம் வீண்.

அதனால் முதலில் ஆழம் 1 என்று கொடுத்து ஷேலோ குளோன் செய்யுங்கள். இன்றைய நிலை மட்டும் வரும். கட்டிப் பார்க்கவும் (கோடை இயங்கும் மென்பொருளாக மாற்றிப் பார்க்கவும்) திருத்தவும் அதுவே போதும். பழைய வரலாறு வேண்டுமானால் நல்ல இணைப்பு கிடைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஆழத்தைக் கூட்டிக்கொள்ளலாம். எங்கள் வழக்கம் இன்னும் எளிது. கோயம்புத்தூர் போகிறவர் முழு ரெப்போவையும் அங்கே இறக்கிக்கொண்டு வந்துவிடுவார். மற்றவர்கள் பென் டிரைவில் காப்பி செய்துகொண்டு, புதிதாக வந்த மாற்றங்களை மட்டும் இழுத்துக்கொள்வோம். ஏப்ரல், மே சீசனில் சுற்றுலாக் கூட்டம் ஏறும்போது மொபைல் டேட்டா படுத்துவிடும். அந்த நேரத்தில் பெரிய வேலையெல்லாம் விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பைதானைச் சாதாரண லேப்டாப்பிலேயே கட்டிவிடலாம். பிழை தேட உதவும் டீபக் வசதியைப் போட்டுக் கட்டுங்கள், உள்ளே நடக்கும் தப்புகள் சீக்கிரம் வெளியே வரும். ரஸ்ட் கம்பைலர் (எழுதிய கோடை இயங்கும் நிரலாக மாற்றும் மென்பொருள்) அப்படியல்ல. பல பத்து ஜிபி இடமும் நல்ல ராமும் வேண்டும். அதற்குள் இருக்கும் எல்எல்விஎம் என்ற பெரிய பகுதியை நீங்களே கட்ட வேண்டியதில்லை, அவர்கள் கட்டி வைத்ததை இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதுவும் சுமை என்றால் ரஸ்ட்டின் ஆவணங்களிலோ, கிளிப்பி போன்ற துணைக் கருவிகளிலோ தொடங்கலாம்.

கட்டி முடித்ததும் எதையும் தொடாமல் ஒரு முறை, மொழி சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் எல்லா டெஸ்ட்டுகளையும் ஓட்டி, எது தோற்கிறது என்று எழுதி வையுங்கள். உங்கள் கணினியின் நேர அமைப்பாலோ, நெட் இல்லாததாலோ ஒன்றிரண்டு தோற்கலாம். இந்தக் குறிப்பு இல்லாமல் திருத்தத்தில் இறங்கினால், பிறகு எது உங்களால் உடைந்தது, எது முன்பே உடைந்திருந்தது என்று பிரிக்க முடியாமல் திண்டாடுவீர்கள்.

பிழை அறிக்கைகளைப் பிரிப்பது

இந்தப் படியில்தான் நீங்கள் அதிக நாள் இருக்க வேண்டும். இதற்கு எந்த உரிமையும் தேவையில்லை, ஒரு கணக்கு இருந்தால் போதும். ஆயிரக்கணக்கில் திறந்து கிடக்கும் அறிக்கைகளில் எது உண்மையான பிழை, எது ஏற்கெனவே சரியாகிவிட்டது, எது ஒரே பிழையின் இரண்டாவது பிரதி என்று பிரித்துத் தருகிறவர் பராமரிப்பாளரின் ஒரு மாலை நேரத்தையே மிச்சப்படுத்துகிறார்.

ஓர் உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். “‘கொடி’ என்ற சொல்லின் நீளம் தப்பாக வருகிறது, இரண்டு எழுத்துக்கு 4 காட்டுகிறது” என்று பைதானில் ஒருவர் அறிக்கை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் நீங்களே ஓட்டிப் பாருங்கள். 4 தான் வரும். காரணம், பைதான் யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொதுத் தரம்) குறிகளை எண்ணுகிறது: க ஒன்று, ஒகரக் குறி ஒன்று, ட ஒன்று, இகரக் குறி ஒன்று. இதே சொல்லுக்கு ரஸ்ட்டின் நீளக் கட்டளை 12 என்று சொல்லும், ஏனென்றால் அது பைட்டுகளை எண்ணுகிறது. யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ஸ்விஃப்ட் மொழி 2 என்று சொல்லும், அது கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுகிறது. மூன்றுமே அந்தந்த மொழியின் ஆவணத்தில் எழுதியிருப்பதைத்தான் செய்கின்றன.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பிரித்துச் சேமித்த ‘கொடி’க்கு பைதான் 5 காட்டும். இரண்டு ‘கொடி’யையும் ஒப்பிட்டால் சமமில்லை என்றும் சொல்லும். அப்படியானால் அறிக்கை போட்டவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்தாரா, வேறு எங்கிருந்தாவது காப்பி எடுத்தாரா என்பது. அவர் காட்டும் எண் 5 என்றால் விடை அங்கேயே இருக்கிறது. நார்மலைஸ் செய்யச் சொன்னால், அதாவது எல்லாவற்றையும் ஒரே வடிவுக்கு மாற்றச் சொன்னால் முடிந்தது.

சரி, தமிழ் தொடர்பான எல்லா அறிக்கைகளையும் இப்படி “இது பிழையில்லை” என்று மூடிவிடலாமா? கூடாது. கம்பைலர் தவறு இருக்கும் இடத்துக்குக் கீழே போடும் அம்புக்குறி, தமிழ் வரிகளில் நாலு எழுத்துத் தள்ளிப் போய் விழுந்தால் அது சரிசெய்ய வேண்டிய குறை. அதில் டெர்மினலுக்கும் (கட்டளை அடிக்கும் திரைக்கும்) எழுத்துருவுக்கும் பங்கு உண்டு என்பதால், எந்த டெர்மினல், எந்தப் பதிப்பு என்று கேட்டு, ஸ்கிரீன்ஷாட் வாங்கிச் சேர்க்க வேண்டும். மூன்றாவது வகை ஒன்றும் இருக்கிறது. கோ மொழியில் ‘மர’ என்று மாறிக்குப் பெயர் வைக்கலாம், ‘மரம்’ என்று வைக்க முடியாது. பெயரில் எழுத்தும் இலக்கமும்தான் வரலாம் என்பது கோ மொழியின் விதி. ‘ம்’ மேல் இருக்கும் புள்ளி, யூனிகோட் கணக்கில் ‘எழுத்து’ என்ற வகையில் சேராது. பைதானில் ‘மரம்’ தாராளமாகச் செல்லும். இதைப் பிழை என்று சொல்ல முடியாது, விதி அப்படி எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த விதி நமக்குப் போதாது என்று வாதாட நல்ல காரணம் இருக்கிறது. அந்த வாதத்தை மொழி வடிவமைப்பு பேசும் இடத்தில் வைக்க வேண்டும், பிழைப் பட்டியலில் கத்திப் பயனில்லை.

தவறான புரிதல், உண்மையான குறை, வடிவமைப்புக் கேள்வி. எந்த அறிக்கை வந்தாலும் இந்த மூன்றில் எது என்று முடிவு செய்யப் பழகுங்கள். பதில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும், ஆனால் சாரம் இப்படி இருக்கட்டும்:

“அறிக்கைக்கு நன்றி. லினக்ஸில், 3.13 பதிப்பில் ஓட்டிப் பார்த்தேன், எனக்கும் 4 வருகிறது. இங்கே நீளம் என்பது யூனிகோட் குறிகளின் எண்ணிக்கை, ஆவணத்திலும் அப்படித்தான் இருக்கிறது. தமிழ் எழுத்துகளை எண்ண ஓப்பன்-தமிழ் என்ற நூலகம் உதவும். ஆவணத்தில் இந்த உதாரணத்தையும் சேர்த்தால் அடுத்தவருக்குக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். நீங்கள் சேர்க்க விரும்புகிறீர்களா, நான் சேர்க்கட்டுமா?”

கடைசி வரியைக் கவனியுங்கள். குறை சொல்ல வந்தவரையே பங்களிப்பவராக மாற்ற அது ஒரு வழி.

ஆங்கிலத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள். எந்தப் பதிப்பு, என்ன செய்தேன், என்ன வந்தது, என்ன வரும் என்று எதிர்பார்த்தேன். இந்த நாலும் இருந்தால் இலக்கணம் முன்னே பின்னே இருந்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இந்தப் பட்டியல்களைப் படிக்கும் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி கிடையாது.

அரவேணுவிலிருந்து வரும் ஒரு பொண்ணு பல வாரம் இதை மட்டுமே செய்துவிட்டு, “அண்ணா, நான் ஒரு வரிகூட கோட் எழுதலையே, இதையெல்லாம் பங்களிப்புன்னு சொல்லிக்கலாமா?” என்று கேட்டாள். தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் முறை தவறினால் இலை முற்றிப்போகும், பிறகு ஆள் வைத்துப் பறித்தாலும் நல்ல தூள் கிடைக்காது. பிழை அறிக்கையும் அப்படித்தான். போட்ட ஒரு வாரத்துக்குள் கேள்வி கேட்டால் அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். ஒரு வருஷம் கழித்துக் கேட்டால் அந்தக் கணினியே அவரிடம் இருக்காது.

முதல் திருத்தம்

இதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘ஈசி’ என்று குறியிட்ட பிழைகளைத் தேடுங்கள். ரஸ்ட்டில் வழிகாட்ட ஆள் இருக்கும் பிழைகளுக்குத் தனிக் குறியே உண்டு. நான் எடுத்துக்கொள்கிறேன் என்று அங்கிருக்கும் ‘பாட்’ என்ற தானியங்கி நிரலுக்கு ஒரு வரி எழுதினால் அது உங்கள் பெயரில் போட்டுவிடும். பைதானில் பங்களிப்பு ஒப்பந்தம் ஒன்றில் ஒரு முறை கையெழுத்திட வேண்டும். முதலில் தோற்கும் டெஸ்ட்டை எழுதி, அப்புறம் அதைச் சரிசெய்யுங்கள். ஒரு திருத்தத்தில் ஒரு வேலை மட்டும். வழியில் கண்ணில் பட்ட இடைவெளியையும் எழுத்துப் பிழையையும் சேர்த்துத் திருத்த வேண்டாம், படிக்கிறவருக்கு எரிச்சல் வரும்.

பதில் வரவில்லையென்றால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை மரியாதையாக நினைவூட்டுங்கள். ஏஐ எழுதிக் கொடுத்ததை அப்படியே அனுப்பாதீர்கள். ஏன் இந்த வரி என்று கேட்டால் உங்களால் விளக்க முடிய வேண்டும். விளக்க முடியாத திருத்தத்தை அனுப்புகிறவர் தன் வேலையைப் பராமரிப்பாளர் தலையில் தள்ளிவிடுகிறார்.

அடுத்தவர் திருத்தத்தைப் படிப்பது

ஒன்றிரண்டு திருத்தங்கள் சேர்ந்ததும் பெரும்பாலானோர் அடுத்தடுத்து தன் திருத்தங்களையே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பராமரிப்பாளர் ஆக விரும்புகிறவர் இங்கே திரும்ப வேண்டும். மற்றவர்கள் அனுப்பியதை எடுத்து, உங்கள் கணினியில் கட்டி, உடைக்கப் பாருங்கள். காலியான உள்ளீடு கொடுங்கள், தமிழ்ச் சொல் கொடுங்கள், மிக நீளமான எண் கொடுங்கள். “நன்றாக இருக்கிறது” என்று எழுதுவதால் யாருக்கும் லாபமில்லை. “விண்டோஸிலும் லினக்ஸிலும் கட்டினேன், புதிய டெஸ்ட் பழைய கோடில் தோற்கிறது, புதியதில் ஜெயிக்கிறது, காலி லிஸ்ட் கொடுத்தால் மட்டும் வேறு பிழை வருகிறது” என்று எழுதினால், மெர்ஜ் செய்யும் (திருத்தத்தை மொழியில் சேர்க்கும்) உரிமை உள்ளவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். உங்கள் பெயரை அவர் ஞாபகம் வைத்துக்கொள்வதும் இதனால்தான்.

பொறுப்பு கைக்கு வரும்போது

பைதானில் மையக் குழுவில் இருக்கும் ஒருவர் உங்கள் பெயரை முன்மொழிவார். ஒரு வாரம் ஓட்டெடுப்பு நடக்கும், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். சின்ன மொழிகளில் ஒரு மெயிலில் முடிந்துவிடும். எங்கே என்றாலும் இது வர நாளாகும். அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்தில் ரகசியக் கதவு ஒன்று வைக்கப்பட்டிருப்பது தெரியவந்தது. வைத்தவர் ஜியா டான் என்ற பெயரில் இரண்டு வருஷத்துக்கு மேலாக ஒழுங்காகத் திருத்தங்கள் அனுப்பி நம்பிக்கை சம்பாதித்தவர். அந்த நூலகத்தைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் களைத்துப்போயிருந்த நேரத்தில், வேறு வேறு பெயர்களில் மெயில்கள் வந்து, இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடு என்று நெருக்கின. தற்செயலாக, லாகின் ஆக வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்த ஒரு பொறியாளர்தான் அதைக் கண்டுபிடித்தார். ஒரு கம்பைலருக்குள் இப்படி நடந்தால் அதில் கட்டிய எல்லா மென்பொருளுக்கும் ஆபத்து. எனவே உங்களைச் சோதித்துப் பார்த்தால் கோபப்படாதீர்கள். நாளை நீங்களும் இன்னொருவரைச் சோதிக்க வேண்டியிருக்கும்.

கணக்குப் பாதுகாப்பில் மலைக்கென்று ஒரு குறிப்பு. இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கு எஸ்எம்எஸ்ஸை நம்பாதீர்கள். சோலூர்மட்டம் பக்கம் போனால் ஓடிபி வருவதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். ஆதென்டிகேட்டர் ஆப் சிக்னல் இல்லாமலே வேலை செய்யும். மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, மழை படாத இடத்தில் வையுங்கள்.

உரிமை கிடைத்த முதல் மாதத்தில் உங்கள் சொந்தத் திருத்தங்களை நீங்களே மெர்ஜ் செய்யாதீர்கள். மற்றவர்களின் சின்னத் திருத்தங்களை, மூத்தவர் ஒருவர் கண்ணில் காட்டிவிட்டு, சேர்த்துப் பழகுங்கள். “வேண்டாம்” என்று சொல்லவும் இங்கேதான் கற்க வேண்டும். ஒரு வசதியைச் சேர்ப்பது ஒரு நாள் வேலை, அதைக் காப்பாற்றுவது பல வருஷ வேலை. பைதான் 2024 அக்டோபரில் வெளியிட்ட 3.13 பதிப்பில், ஆள் இல்லாமல் கிடந்த 19 பழைய மாட்யூல்களை (மொழியோடு சேர்ந்து வரும் துணைப் பகுதிகளை) ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு முன் இரண்டு பதிப்புகளில் எச்சரிக்கை கொடுத்தார்கள். குறைந்த ஆள் பலத்தில் ஒரு மொழியை நடத்துகிறவர்கள் இதைப் பார்த்துத் தைரியம் பெறலாம்.

ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு

இந்தப் பகுதி பழைய ஆட்களுக்கு. புதியவர்களும் படியுங்கள், உங்களுக்கு என்ன கேட்க உரிமை இருக்கிறது என்று தெரியும்.

2021 மே மாதத்தில் பிஎச்பி மொழியின் உள்வேலை அறிந்த ஒருவர், இரண்டு பேர் போய்விட்டால் இந்த மொழி நின்றுவிடும் நிலையில் இருக்கிறது என்று வெளிப்படையாக எழுதினார். இணையத்தின் பெரும் பகுதி ஓடும் மொழி அது. அதே ஆண்டு நவம்பரில், முழுநேரமாக அதில் உழைத்துக்கொண்டிருந்த நிகிதா போபோவ் வேறு திட்டத்துக்குப் போவதாக அறிவித்தார். அந்தச் சமயத்திலேயே பல நிறுவனங்கள் சேர்ந்து பிஎச்பி அறக்கட்டளையைத் தொடங்கி, சம்பளம் கொடுத்து ஆட்களை வைக்க ஏற்பாடு செய்தன. எல்லா மொழிக்கும் கடைசி நேரத்தில் அப்படிக் கை கொடுக்க ஆள் வராது.

எனவே உங்கள் தலைக்குள் மட்டும் இருப்பதை எழுத்தில் கொண்டுவாருங்கள். புதிய பதிப்பை வெளியிடும் முறையிலிருந்து தொடங்குங்கள். எந்தக் கோப்பில் எண்ணை மாற்ற வேண்டும், எந்த டெஸ்ட் ஓட வேண்டும், எங்கே கையொப்பமிட வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். அடுத்த பதிப்பைப் புதியவர் ஒருவரே அந்தப் பட்டியலைப் பார்த்து வெளியிடட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், கீபோர்டைத் தொடாதீர்கள். அவர் எங்கெல்லாம் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அங்கெல்லாம் பட்டியலில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. அந்த வரியை அவரையே எழுதச் சொல்லுங்கள். இரண்டு பதிப்புக்குப் பிறகு நீங்கள் இல்லாமலே வேலை நடக்கும். வெளியிடும் வேலையை “இன்னும் பழகட்டும்” என்று வருஷக்கணக்கில் தன்னிடமே வைத்துக்கொள்வது, நல்ல மனசுள்ளவர்களே செய்யும் பெரிய கெடுதல்.

டொமைன், சர்வர், கையொப்பச் சாவி (வெளியிட்ட பதிப்பு உண்மையானது என்று காட்டும் டிஜிட்டல் சாவி) ஆகிய மூன்றும் குறைந்தது இரண்டு பேரிடம், இரண்டு ஊர்களில் இருக்க வேண்டும். 2009 நவம்பரில் நீலகிரியில் சரிந்த மண்ணைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சாலையும் கரன்ட்டும் ஒன்றாகப் போனால், அவசரப் பாதுகாப்புத் திருத்தத்தைக் குன்னூரில் இருக்கும் ஒருவரால் வெளியிட முடியாது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் இன்னொருவரால் முடியும்.

புதியவர் அனுப்பிய முதல் திருத்தத்துக்கு மூன்று நாளுக்குள் ஏதாவது ஒரு பதில் போடுங்கள். முழுதாகப் படிக்க நேரமில்லை என்றால் “பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை படிக்கிறேன்” என்பதே போதும். சுலபமான பிழையை நீங்களே பத்து நிமிஷத்தில் சரிசெய்ய முடியும் என்றாலும் விட்டு வையுங்கள். எந்தக் கோப்பு, எந்த ஃபங்ஷன், எந்த டெஸ்ட்டைப் பார்த்து எழுதலாம் என்று மட்டும் அதில் குறித்துவிடுங்கள். அந்தக் குறிப்பு எழுத அரை மணி நேரம் ஆகும். ஆனாலும் அதில் ஓர் ஆள் உள்ளே வருகிறார்.

நேரில் கூடினால் தாய்மொழியில் விளக்குங்கள். கோடைப் படித்துப் பகுக்கும் பார்சர் எப்படி வேலை செய்கிறது என்று ஆங்கில ஆவணத்தில் மூன்று முறை படித்தும் புரியாததை, தமிழில் கேட்டதும் பிடித்துக்கொள்கிற பிள்ளைகள் நிறைய. படுகர் வீட்டுப் பிள்ளைகள் தங்களுக்குள் படுகு மொழியில் விளக்கிக்கொள்வதையும் பார்க்கிறேன், இன்னும் வேகமாக நடக்கிறது. இருட்டுவதற்குள் முடித்துவிடுங்கள். சாயந்தரம் ஆனால் கரடியும் காட்டெருமையும் ரோட்டுக்கு வரும் ஊர் இது. கடைசி பஸ்ஸை விட்டால் வீட்டில் அடுத்த வாரம் அனுப்ப மாட்டார்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகளை.

காசு

“இதுல சம்பளம் உண்டா?” என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. நேராகப் பதில் சொல்லுங்கள்: தொடக்கத்தில் கிடையாது. பிறகு சில வழிகள் உண்டு. திறமூலத் திட்டங்களில் வேலை செய்யும் புதியவர்களுக்கு உதவித்தொகை தரும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005லிருந்து நடக்கிறது; 2022லிருந்து மாணவராக இல்லாத, 18 வயது நிரம்பிய புதியவர்களும் சேரலாம். பல மொழித் திட்டங்கள் அதில் இடம் தருகின்றன. பைதான் அறக்கட்டளை 2021லிருந்து முழுநேரச் சம்பளத்தில் பராமரிப்பாளரை வைக்கிறது. முதலில் அந்த வேலைக்கு வந்தவர் பெரும்பாலும் தேங்கிக் கிடந்த திருத்தங்களைப் படித்துத் தீர்த்தார். மேலே சொன்ன பிரிக்கும் வேலைக்கும் படிக்கும் வேலைக்கும்தான் அந்தச் சம்பளம்.

திட்டத்துக்கே பணம் வேண்டுமானால், நம் நாட்டின் ஜீரோதா என்ற பங்குத் தரகு நிறுவனம் 2024 அக்டோபரில் திறமூலத் திட்டங்களுக்காக ஃப்ளாஸ் ஃபண்ட் என்ற நிதியைத் தொடங்கியது. ஆண்டுக்கு 10 லட்சம் டாலர். ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் 1,00,000 டாலர்வரை. எவ்வளவு வேண்டும், எதற்கு என்று ஒரு சின்ன ஜேசன் (தரவை எழுதும் ஒரு வடிவம்) கோப்பில் எழுதி ரெப்போவில் வைத்து விண்ணப்பிக்க வேண்டும். பணம் வருவதற்கு முன்பே, அதை யார் கையாள்வது, கணக்கு எங்கே எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கும் என்று எழுதி வைத்துவிடுங்கள். பணத்தால் நட்பு கெட்ட திட்டங்கள் உண்டு.

களைப்பும் விலகுவதும்

பராமரிப்பாளர்கள் பெரும்பாலும் சொல்லாமல் காணாமல் போகிறார்கள். பதில் போட நினைத்து, தள்ளிப்போட்டு, வெட்கப்பட்டு, அப்புறம் அந்தப் பக்கமே வராமல் இருந்துவிடுவார்கள். இதற்கு ஆளைக் குறை சொல்லக் கூடாது, விலக வழி வைக்காத திட்டத்தைத்தான் சொல்ல வேண்டும். பைதானில் இரண்டு வருஷம் குறிப்பிடத்தக்க பங்களிப்பு இல்லாதவரை, செயலில் இல்லாதவர் பட்டியலுக்கு மாறும்படி கேட்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. திரும்பி வரவும் வழி உண்டு. ரஸ்ட்டில் விலகியவர்களை முன்னாள் உறுப்பினர் என்று மரியாதையோடு பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

ஆட்களுக்கிடையே உரசல் வந்தால் அதையும் ஆறப்போடக் கூடாது. 2021 நவம்பரில் ரஸ்ட்டின் நடத்தை மேற்பார்வைக் குழு முழுவதும் ஒரே நாளில் ராஜினாமா செய்தது. மையக் குழுவைத் தட்டிக்கேட்க யாருக்கும் அதிகாரமில்லை என்பது அவர்கள் குறை. புதிய தலைமைக் குழு அமைய 2023 ஆனது. உங்கள் திட்டத்தில் ஐந்து பேர்தான் என்றாலும், மூத்தவர் மேல் புகார் வந்தால் யார் விசாரிப்பது என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

கல்யாணம், பரீட்சை, வேலை மாற்றம், உடம்பு சரியில்லை, எந்தக் காரணமாக இருந்தாலும் விலகுவதற்கு ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். உங்கள் பெயரில் திறந்து கிடக்கும் பிழைகளிலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள். உங்கள் பெயர் இருக்கும்வரை வேறு யாரும் தொட மாட்டார்கள். பாதியில் இருக்கும் திருத்தங்களில் எதுவரை வந்தீர்கள், எங்கே சிக்கியது என்று நாலு வரி எழுதுங்கள். சாவியும் கடவுச்சொல்லும் வேறொருவரிடம் வேலை செய்கிறதா என்று அவரை ஒரு முறை பயன்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், அதன் பிறகு உங்கள் உரிமையை எடுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த பதிப்பு வெளிவரும் வாரத்தில் மட்டும் சந்தேகம் கேட்க ஒரு போன் நம்பர் கொடுத்திருங்கள்.